தேங்காய்ப்பாலும் தேவநாதன் பெட்டியும்

கடலூர் முதுநகரில் தேவநாதன் மீனை விட்டபோது ஊர் மெச்சியது. பாலை விட்டபோது டாக்டரிடம் காட்டச் சொன்னது.

இந்த நியாயம் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவர் அவர். அங்கே குழம்பு கொதிக்கிற வாசனையை வைத்தே இன்றைக்கு யார் வீட்டில் என்ன மீன் என்று சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட தெருவில் ஒருவர் மீன் வேண்டாமென்றால் 'பரவாயில்லையே, பக்குவம் வந்துடுச்சு' என்கிறார்கள். அதே மனிதர் டீக்கடையில் பால் ஊற்றாத டீ கேட்டால் சர்க்கரையா, அல்சரா, ஏதாவது வேண்டுதலா என்று வரிசையாகக் கேள்வி வருகிறது. எதுவும் இல்லை, மாட்டுப்பால் கன்றுக்குட்டியுடையது, அதனால் குடிப்பதில்லை என்று அவர் சொன்னதும் கேள்வி நின்றுவிடும். பார்வை மட்டும் நிற்காது.

தேவநாதனுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சாயத் தொழிற்சாலையின் ஸ்டோரில் கிளார்க் வேலை. உள்ளே வந்த டிரம், வெளியே போன டிரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சட்டைப்பையில் பேனாவோடு ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரும் எப்போதும் இருக்கும். ஆள் அமைதி, யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் இம்மியும் அசையமாட்டார். சண்டைக்காரரோடு கூடக் காலம் தள்ளிவிடலாம், இப்படிப்பட்ட அமைதிக்காரரோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. அவருடைய மனைவி குணசுந்தரியைக் கேட்டால் தெரியும். ஆனால் அவரை யாரும் கேட்டதில்லை.

2004-ல் தொழிற்சாலையில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டினார்கள். தேவநாதன் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, டிவிஎஸ் 50-யின் முன்பக்கம் நிறுத்தி, முழங்காலால் அணைத்தபடி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய பாலிடெக்னிக் சிநேகிதர் ராபர்ட் சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அந்த ராபர்ட்தான் ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைக் கொடுத்து, "இதுக்குப் பூட்டு கெடையாதுடா. உள்ள என்னா இருக்குன்னு யார் வேணா தொறந்து பாக்கலாம். பிடிக்கலன்னா மாத்திக்கலாம்" என்றார். தேவநாதன் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். ஒரு பொருளை வாங்கிய பிறகும் அதைத் திறந்து பார்க்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் மேல் அவருக்கு வெகுநாளாகவே கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு இப்போது ஒரு வேலை கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்ததும் அந்தப் பெட்டி சர்வர் ஆகிவிட்டது. அதாவது, குடும்பத்தின் மெயிலும் போட்டோக்களும் வேறு எந்தக் கம்பெனியிடமும் இல்லாமல் அந்தப் பெட்டிக்குள்ளேயே வந்து தங்கும். "நம்ம கடுதாசி எல்லாம் எங்கியோ கண்ணு காணாத தேசத்துல எவனோ ஒருத்தன் கொட்டாயில கெடக்குது. சும்மா வச்சிக்கிறேன்னு சொல்றான். சும்மா எவன் கொட்டாய் போட்டுத் தருவான்?" என்பார். ராபர்ட் இதைக் கேட்டுச் சிரித்து, தெருவில் குழாய் இருக்கும்போது வீட்டுக்குள் கிணறு வெட்டுகிற ஆள் என்று அவருக்குப் பேர் வைத்தார். தேவநாதன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பால் விஷயம் அதற்கடுத்த தை மாதத்தில் தொடங்கியது. குணசுந்தரிக்குப் பிறந்த ஊர் புவனகிரி. அவருடைய அண்ணன் சடையப்பன் அங்கே பால் டெப்போ வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்துப் பாலை வாங்கி, பெரிய எவர்சில்வர் டேங்கில் ஊற்றிக் குளிரவைத்து லாரியில் அனுப்புவார். சொந்தமாகவும் சில மாடுகள் வைத்திருந்தார். மாட்டுப் பொங்கலுக்குப் போயிருந்தபோது, கொம்பில் நீலம் பூசி, கழுத்தில் நெட்டிமாலை போட்டு நின்ற பசு ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பொங்கலை வாயில் ஊட்டினாலும் துப்பிவிட்டுக் கத்தியது.

"ஏன் மச்சான் இது இப்புடிக் கத்துது?" என்று கேட்டார் தேவநாதன்.

"கன்னைத் தேடுது மாப்ள. காளைக்கன்னு. கெடேரியா இருந்தா வச்சிக்கலாம். இதை வச்சிக்கிட்டு என்னா பண்றது? போன வாரம் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

சடையப்பன் காப்பி டம்ளரை நீட்டினார். அவர் ஈரமில்லாத மனிதர் இல்லை. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் கூடவே படுத்துக்கொள்கிறவர்தான். ஆனால் சில கேள்விகளுக்குக் காப்பிதான் பதில் என்று அவருக்குப் பழகிவிட்டிருந்தது. தேவநாதன் மரியாதைக்காக அந்தக் காப்பியைக் குடித்தார். பால் கலந்து அவர் குடித்த கடைசிக் காப்பி அதுதான்.

தன்னைப் போல் உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், அதற்கு வீகன் என்று பேரும் இருக்கிறது என்று அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது. பேர் இருக்கிறது என்று தெரிந்ததும் தெம்பு கூடிவிட்டது. 'பாலில்லாச் சமையல்' என்று தமிழில் ஒரு இணையதளம் தொடங்கினார். நிலக்கடலையில் தயிர் தோய்ப்பது எப்படி, எள்ளுப்பாலில் பாயசம் வைப்பது எப்படி என்றெல்லாம் அதில் எழுதினார். அதுவும் அதே வீட்டுப் பெட்டியிலிருந்துதான் ஓடியது. மின்வெட்டுக் காலம் வந்ததும், கனடாவிலிருந்து படிக்கிற ஒரு வாசகர், தளம் தினமும் கொஞ்ச நேரம் காணாமல் போய்விடுகிறதே என்று கவலையோடு எழுதினார். தேவநாதன் முதுநகரின் மின்வெட்டு நேரத்தை முகப்புப் பக்கத்தில் போட்டுவிட்டார். உலகத்தில் வேறு எந்த இணையதளத்திலும் முதுநகர் மின்வெட்டு நேரம் இருந்திருக்காது. மின்வாரியத்தின் தளத்திலேயே இருந்திருக்காது.

பாலுக்கும் மெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவருக்கு ஆச்சரியமாக இருக்கும். இரண்டும் ஒரே சட்டம் என்பதுதான் அவர் கட்சி. எது யாருடையதோ அது அவர்களிடம் இருக்க வேண்டும். பால் கன்றுக்குட்டியுடையது, கேட்காமல் எடுக்கக் கூடாது. கடிதம் நம்முடையது, அடுத்தவன் கொட்டகையில் போடக் கூடாது. சட்டத்தில் ஓட்டை ஒன்றும் இல்லை. ராபர்ட் எவ்வளவோ தேடிப் பார்த்திருக்கிறார்.

குணசுந்தரி வேதியியலில் எம்.எஸ்சி., அதற்கு மேல் பி.எட். முதுநகரில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில், படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாமல் மூன்றாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் எடுத்துக்கொண்டிருந்தார். லேப் இருக்கிற பள்ளியில், பெரிய பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித்தர வேண்டும் என்பது அவருடைய ஆசை. வருஷா வருஷம் விண்ணப்பம் போடுவார். கல்லூரியில் படித்த நாளிலிருந்து அவருக்கு ஒரு இலவச மெயில் முகவரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவநாதன் மாடியிலிருந்து இறங்கிவந்து, "குணா, உன் மெயிலை வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். இனிமே யாரா இருந்தாலும் புது அட்ரஸத்தான் குடுக்கணும்" என்றார். தொலைந்துபோன பிள்ளையைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்த மாதிரி முகமெல்லாம் சந்தோஷம். குணசுந்தரி, "சரிங்க" என்றார்.

பாலுக்கும் அப்படித்தான். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் தடை போடவில்லை. பால் பாக்கெட் வாங்கி வருகிறவர் தேவநாதன். அவர் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். குணசுந்தரி வீட்டில் வரக்காப்பியும் பள்ளிக்கூடத்தில் பால் காப்பியும் குடித்து நாளை ஓட்டினார்.

2009-ல் முதுநகரைத் தாண்டி, புதிதாகப் பிரித்த மனையில் சொந்த வீடு கட்டினார்கள். கீழே தளம் போட்ட வீடு, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த ஒரு அறை. அந்த அறை பெட்டிக்கு. புதுவீடு புகும் நாளில் பெண்ணின் தாய்வீட்டார் பால் கொண்டுவந்து, அதைக் காய்ச்சுவதுதான் வழக்கம். அடுப்பில் வைத்த பாலைக் கரண்டியால் தொடாமல், அது தானாகப் பொங்கி வழிகிறவரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வழிந்தால் வீடு செழிக்கும். முந்தின நாள் சாயங்காலம் தேவநாதன் இரண்டு தேங்காயை உடைத்துத் துருவத் தொடங்கினார்.

"எதுக்குங்க இவ்ளோ தேங்கா?" என்றார் குணசுந்தரி.

"நாளைக்குத் தேங்காப்பால்தான் காய்ச்சறோம். அதுவும் பால்தானே?"

தேங்காய்ப்பாலைப் பற்றித் தன் தளத்தில் பக்கம் பக்கமாக எழுதிய மனிதர் ஒன்றை மறந்துவிட்டார். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிடக் கூடாது, விட்டால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமோ கரண்டியே கூடாது என்கிறது. மறுநாள் நல்ல நேரத்தில், உறவுக்காரர்கள் சுற்றி நிற்க, பானையில் இருந்தது பொங்கவில்லை. திரிந்தது. மேலே எண்ணெய் மிதக்க, கட்டி கட்டியாகப் பிரிந்து, சமையலறை முழுக்கக் கூந்தல் தைலம் காய்ச்சின வாசனை. 'பால் திரிஞ்சிடுச்சே' என்று யாரோ ஒரு அம்மாள் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

சடையப்பன் விடியற்காலையில் புவனகிரியிலிருந்து தூக்குச்சட்டியில் பால் கொண்டுவந்து வாசலில் நின்றிருந்தார். 'வேணாம் மச்சான், உள்ள ஏற்பாடு இருக்கு' என்று தேவநாதன் அதை வாங்காமலே விட்டிருந்தார். திரிந்த பாலை எட்டிப் பார்த்துவிட்டு, சடையப்பன் தன் தூக்கை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். குணசுந்தரி வாசல்வரை ஓடினார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு புவனகிரிக்கும் முதுநகருக்கும் போக்குவரத்து இல்லை. தேவநாதனுக்கு வருத்தம்தான். ஆனாலும் தான் செய்தது தப்பு என்று தோன்றவில்லை. அடுத்த தடவை தீயைக் குறைத்து வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

இரண்டு வருஷம் கழித்து, கார்த்திகை மாதத்தில் குணசுந்தரி பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தார். ஹாஸ்டலோடு கூடிய ஒரு பெரிய பள்ளிக்கு மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் ஆசிரியை தேவை, குடியிருக்க குவார்ட்டர்ஸ் உண்டு. பள்ளியின் பெயர் இல்லை, ஊர் இல்லை. விண்ணப்பிக்க ஒரு மெயில் முகவரி மட்டும் இருந்தது. தேர்வானவர்களுக்கு ஜனவரி முதல் வாரத்தில் மெயில் வரும், வருவதாகப் பதில் போட்டு உறுதி செய்கிறவர்களைத்தான் நேர்காணலுக்கு அழைப்போம் என்று போட்டிருந்தது. குணசுந்தரிக்கு வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் புதிதாக எடுப்பவர்கள் குறைவு. 'இது கெடைக்கலன்னா இனிமே போடமாட்டேன்' என்றார். தேவநாதன் தன் கையாலேயே விண்ணப்பத்தை டைப் அடித்து, வீட்டு முகவரியிலிருந்து அனுப்பிவைத்தார். விளம்பரத்தைக் கத்தரித்து, மாடி அறையில் பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினார் குணசுந்தரி.

டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் வந்தது. விடிகிற நேரத்தில் மாடிக்கூரை ஒவ்வொரு ஷீட்டாகப் பிய்த்துக்கொண்டு போனது. தேவநாதன் மழைக்குள் ஏறி, பெட்டியைக் கட்டிப்பிடித்து மழைக்கோட்டால் போர்த்திக் கீழே கொண்டுவந்துவிட்டார். விளம்பரம் சுவரிலேயே கூழாகிவிட்டது. புயல் ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால் தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக இல்லை. செல்போன் கோபுரங்களும் படுத்துவிட்டன. கரண்டு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். 'புதுவீட்டுல பால் திரிஞ்சப்பவே நெனச்சேன்' என்று பக்கத்து வீட்டம்மா இந்தப் பக்கம் கேட்கும்படியாகவே சொன்னார். ஊரில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை, அத்தனை வீட்டிலுமா தேங்காய்ப்பால் காய்ச்சினார்கள் என்று கேட்டிருக்கலாம். தேவநாதன் மாடிக்குத் தார்ப்பாய் தேடிப் போனார்.

புது வருஷம் பிறந்த அன்று குணசுந்தரி கேட்டார்: "இப்ப அந்த மெயில் வந்தா என்னாங்க ஆவும்?"

"வந்து கதவைத் தட்டும். பெட்டி அணைஞ்சிருக்குல்ல, திரும்பிப் போயிடும். கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடியும் வந்து தட்டும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"நாலஞ்சு நாளைக்கு. அப்பறம், இங்க ஆள் இல்லன்னு அனுப்புனவங்களுக்கே போயிடும்."

"அப்ப சிதம்பரத்துக்குப் போயி, ராபர்ட் அண்ணன் கடையிலேந்து நாமளே அவுங்களுக்கு ஒரு மெயில் போட்டுட்டா?"

"போடலாம். அட்ரஸ் ஞாபகம் இருக்கா?"

இல்லை. முகவரி இருந்த காகிதம் கூழாகிவிட்டது. அனுப்பிய விண்ணப்பம் பெட்டிக்குள் இருந்தது. பேக்கப் எடுத்து வைத்த டிஸ்க்கும் பெட்டிக்குப் பக்கத்திலேயே பத்திரமாக இருந்தது. பெட்டி திறக்கக் கரண்டு வேண்டும். சாவியை உள்ளே வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினவர் நிலைமைதான். குணசுந்தரி தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவநாதனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சாலையில் விழுந்த மரங்களை அறுத்துத் தள்ளி பஸ் விட்டதும், பெட்டியைச் சாக்கில் கட்டிக்கொண்டு இருவரும் சிதம்பரத்துக்குக் கிளம்பினார்கள். ராபர்ட் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மெழுகுவர்த்தி எரிந்தது.

"கரண்டு வருது, போவுது. நெட் லைன் அடியோட செத்துடுச்சு. வேற எங்கியும் கேக்காத. இந்தப் பக்கத்துல ஜெனரேட்டர் நிக்காம ஓடுறது ஒரே எடத்துலதான். லைனும் அங்க உயிரோட இருக்கு" என்றார் ராபர்ட்.

"எங்கடா?"

"உன் மச்சான் டெப்போ. நின்னுட்டா பால் கெட்டுடும்ல."

தேவநாதன் சாக்கின் கட்டைச் சரிசெய்தார். சரியாக இருந்த கட்டைத்தான் மறுபடியும் அவிழ்த்துக் கட்டினார். "வாங்க, போவலாம்" என்று சொல்லிவிட்டு குணசுந்தரி புவனகிரி பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.

டெப்போ வாசலில் ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டிருந்தது. பால் ஊற்ற வந்தவர்கள் கேனோடு வரிசையில் நின்றார்கள். சடையப்பன் தங்கையைப் பார்த்தார், தங்கை வீட்டுக்காரரைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். பகையாளியே வாசலுக்கு வந்தாலும் 'வாங்க' என்று சொல்லாமல் விடுகிற குடும்பம் இல்லை அது.

"வாங்க மாப்ள."

குணசுந்தரி விஷயத்தைச் சொன்னார். சடையப்பன் கேட்டுக்கொண்டு, துண்டால் கையைத் துடைத்தார். "இது பாலுக்காக ஓடுற ஜெனரேட்டரு. ஒங்களுக்கு ஒத்துக்குமா மாப்ள?"

"ஒத்துக்கணும் மச்சான்" என்றார் தேவநாதன்.

சடையப்பன் அதற்கு மேல் கேலி செய்யவில்லை. டேங்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பிளக் பாயிண்டைக் காட்டினார். பால் கம்பெனிக்கு விவரம் அனுப்ப அவரும் ஒரு கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் வைத்திருந்தார். அதன் திரையையும் லைனையும் கழற்றிப் பெட்டியில் மாட்டினார்கள். பெட்டி எங்கே போய் உட்கார்ந்தாலும் தன் புது விலாசத்தைத் தானே அறிவித்துக்கொள்கிற ஏற்பாட்டைத் தேவநாதன் முன்பே செய்து வைத்திருந்தார். ஸ்விட்சைப் போட்டதும் பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. முதலில் குணசுந்தரியின் விண்ணப்பத்தைத் தேடி, அந்த முகவரிக்கு 'புயலில் மாட்டிக்கொண்டோம், கடிதம் அனுப்பியிருந்தால் தயவுசெய்து மறுபடி அனுப்பவும்' என்று எழுதிப் போட்டார். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பக்கத்தில் டேங்குக்குள் பால் சுழல்கிற சத்தம். இத்தனை பாலுக்கு இவ்வளவு பக்கத்தில் தேவநாதன் வருஷக்கணக்கில் உட்கார்ந்ததில்லை. டேங்கைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தார். எழுந்து போக மட்டும் மனம் வரவில்லை.

முதலில் கனடா வாசகர்தான் வந்து சேர்ந்தார். தளத்தைக் காணோமே, மின்வெட்டு நேரத்தை மாற்றிவிட்டார்களா என்று கேட்டிருந்தார். அடுத்து ஏதோ விளம்பரம். அடுத்து இன்னொரு விளம்பரம். பொழுது சாய்கிற நேரத்தில் அது வந்தது. இரண்டு நாளாகத் தட்டிக்கொண்டிருந்த மெயில். நேர்காணலுக்கு அழைப்பு, நாளைக்குள் பதில் அனுப்பி உறுதி செய்ய வேண்டும். பள்ளிக்கூடம் சிதம்பரத்தைத் தாண்டி சீர்காழி ரோட்டில்.

குணசுந்தரி அதை இரண்டு தரம் படித்தார். கண் கலங்கிவிட்டது. சடையப்பன் எட்டிப் பார்த்து, "இந்த ஸ்கூலா? இவுங்க ஹாஸ்டலுக்கு நம்ம டெப்போ பால்தானே போவுது. தெரிஞ்சிருந்தா வண்டியிலயே கூட்டிட்டுப் போயி உட்டிருப்பேனே" என்றார். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இருந்திருந்தால், அந்தப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை தேடுகிறார்கள் என்று அவரே சொல்லியிருப்பார்.

தேவநாதன் பதில் எழுத உட்கார்ந்தார். குணசுந்தரி பின்னால் நின்று சொல்லச் சொல்ல டைப் அடித்தார். முடிந்தது என்று நினைத்தபோது குணசுந்தரி, "இன்னொரு வரி போடுங்க. இனிமே எனக்கு இந்த அட்ரஸுக்கு எழுதவும்னு" என்று தன் பழைய இலவச மெயில் முகவரியைச் சொன்னார்.

"அது இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஸ்கூல்ல ஒழிஞ்ச நேரத்துல தொறந்து பாப்பேன்."

தேவநாதன் டைப் அடிப்பதை நிறுத்தினார். "ஏன் குணா? இதோ வந்துடுச்சுல்ல. பொட்டி காப்பாத்திக் குடுத்துடுச்சுல்ல."

குணசுந்தரி குரலை உயர்த்தவில்லை. "கன்னுக்குட்டியக் கேக்காம பாலை எடுக்கறது தப்புன்னு சொல்றீங்க. சரிதான். ஒருநாளும் நான் அதை எதுத்துப் பேசினதில்ல. என் மெயில எடுத்தப்ப என்னைக் கேட்டீங்களா? புதுவீட்டுல என்னா காய்ச்சலாம்னு கேட்டீங்களா? எங்கண்ணன் பாலோட வாசல்ல நின்னப்ப கேட்டீங்களா? எல்லாத்தையும் சொன்னீங்க. ஒண்ணையும் கேக்கல."

சடையப்பன் துண்டை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் பக்கம் போய்விட்டார்.

"எது யாரோடதோ அது அவுங்ககிட்ட இருக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க. அந்த மெயில் என்னுது" என்றார் குணசுந்தரி.

தேவநாதனின் சட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லைதான். அந்தச் சட்டம் தன் வீட்டுக்கும் பொருந்தும் என்பதுதான் அவருக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. குணசுந்தரி சொன்ன முகவரியை ஒவ்வொரு எழுத்தாக அடித்து, சரியா என்று வாசித்துக் காட்டி, அனுப்பினார்.

தேவநாதனின் மாமியார் சின்னம்மாள் எல்லோருக்கும் காப்பி டம்ளர் கொண்டுவந்தார். தேவநாதனிடம் கொடுக்கும்போது, "இதுல பால் ஊத்தல" என்றார். மச்சான் வீட்டில் பால் ஊற்றாமல் ஒரு காப்பி கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

வேலை கிடைத்தது. 2012 கோடை விடுமுறை முடிகிற சமயத்தில் குவார்ட்டர்ஸ் சாவி கொடுத்தார்கள். முதுநகர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே போய்விடுவது, தேவநாதன் அங்கிருந்தே பஸ்ஸில் சிப்காட்டுக்குப் போய்வருவது என்று ஏற்பாடு. குடிபோவதற்கு முன்னால் ஒருநாள், சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது தேவநாதன் கேட்டார்.

"குணா, அங்க பால் காய்ச்சணுமா?"

குணசுந்தரி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். கேட்டது கேள்விதானா என்று அவர் முகத்தைப் பார்த்தார். கேள்விதான்.

"காய்ச்சணும். எங்கண்ணன் டெப்போ பாலு."

"சரி."

'ஆனா' என்று ஒன்று வரும் என்று குணசுந்தரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. தேவநாதன் பெட்டிக்குப் பழைய போர்வை சுற்றிக்கொண்டிருந்தார்.

குடிபுகுந்த அன்று காலையில் தேவநாதன் டிவிஎஸ் 50-யில் புவனகிரிக்குப் போய், டெப்போ வாசலில் தூக்குச்சட்டியை நீட்டினார். சடையப்பன் அதை வாங்கி மூடியைத் திறந்தார். "நானே கொண்டாந்திருப்பேனே மாப்ள."

"நான் வாங்கியாறேன்னு குணாகிட்ட சொல்லிட்டேன் மச்சான். நீங்க சாப்பிடறதுக்கு வந்துடணும்."

பால் பொங்கியது. யாரும் கரண்டியால் தொடவில்லை. விளிம்புவரை வந்து, கொஞ்சம் யோசித்து, வழிந்தது. தேவநாதனும் கூட நின்று பார்த்தார். அந்த நீலக்கொம்புப் பசு அவருக்கு ஞாபகம் வந்தது. அதை அவர் மறக்கவும் இல்லை, அன்றைக்குச் சொல்லிக் காட்டவும் இல்லை. குணசுந்தரி எல்லோருக்கும் பாலை ஊற்றிக் கொடுத்து, அவருக்கு மட்டும் தனியாகப் போட்டு வைத்திருந்த வரக்காப்பியை எடுத்துவந்தார்.

பெட்டி இன்னும் வராந்தாவில் போர்வையோடு இருந்தது. குவார்ட்டர்ஸ் குணசுந்தரி பெயரில் ஒதுக்கியது.

"இதை உள்ள வைக்கலாமா?" என்று கேட்டார் தேவநாதன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் குணசுந்தரி.

தேவநாதன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரக்காப்பியைக் குடித்தார்.